காட்டுக் கொல்லைச் சோளம்

“மாடு சாவுது அண்ணி, மானுக்கு இன்னா—”

“மானும்தான் சாவுது. அதுக்குக் கேக்க வாயில்ல. உனக்குக் கீது, கேக்கற—”

“எல்லாத்தையும் வுடச் சொல்லல. செவலைய மட்டும். கொழந்தைக்குப் பாலு—”

“இன்னிக்குச் செவலைன்னுவ. நாளைக்குக் கருப்பனும் மயிலையும் பின்னாலயே வரும். அப்பால காட்டுக்கு இன்னா மிஞ்சும்?”

“காடு காடுன்னு கெடக்கிறியே. நாளைக்கு மானா வந்து உனக்குக் கொள்ளி வெக்கும்?”

“வெக்கட்டும். உன் கையால வெக்கறதுக்கு அது மேலு.”

இப்படித்தான் பேசிக்கொள்வோம், நானும் உன் அப்பன் ரங்கனும். ஒருவர் முடிக்கும் வரைக்கும் இன்னொருவர் பொறுத்தது கிடையாது. என் புருஷனுடைய தம்பி. நான் இந்த ஊருக்கு வாழ வந்தபோது இடுப்பில் துணி நிற்காத பிள்ளை. என் கையால் களி வாங்கித் தின்றவன். ஆனாலும் வாய்க்கு வாய் நிற்பான். நானும் நிற்பேன்.

அம்சவல்லி, நாலு வருஷத்துக்குப் பிறகு மலை ஏறி வந்திருக்கிறாய். தண்ணீர் கொடுத்தேன், செம்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. “அன்னிக்கு இன்னா நடந்துச்சு, பெரிம்மா?” என்று மட்டும் கேட்டாய். கலசப்பாக்கத்துப் பக்கம் புருஷனோடு கூலிக்குப் போன இடத்தில் எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறாய் என்பது தெரிகிறது. என்ன பார்த்தாய் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொல்கிறேன். எனக்கு எல்லாமே பேச்சாகத்தான் நினைவில் தங்கும். முகம் மறந்துபோகும், நாள் மறந்துபோகும். யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் ஒரு சொல் பிசகாமல் நிற்கும். அதனால் நான் சொல்வதில் கூட்டலும் இருக்காது, குறைச்சலும் இருக்காது.

காட்டுக் கொல்லை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். மலைச்சரிவில், நம் சாமைக் கொல்லைகளுக்கெல்லாம் மேலே, காடு தொடங்கும் இடத்தில் இருக்கும் துண்டு நிலம். ஊரில் எந்த விதைப்பும் முதலில் அங்கேதான். அங்கே விளைவது மானுக்கும் மயிலுக்கும் முயலுக்கும். அவை அங்கேயே வயிறு நிறைந்து திரும்பிவிடும், கீழே நம் சாமையில் வாய் வைக்காது என்பது கணக்கு. அந்தக் கொல்லைக்கு மூன்று கட்டு உண்டு. மனுஷன் அதில் ஒரு மணி எடுக்கக் கூடாது. ஊர் மாடு உள்ளே போகக் கூடாது. விளைந்ததன்மேல் அரிவாள் படக் கூடாது. மேய்கிறது வாயால்தான் மேய வேண்டும். இதை நான் உண்டாக்கவில்லை. உன் பாட்டனும் உண்டாக்கவில்லை. எங்களுக்கு முன்னாலிருந்தே இருந்தது.

உன் பெரியப்பன் தாண்டவராயன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போன பிறகு ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கேட்டார், “யாரு பாத்துக்கறீங்க?” என்று. “நான் பாத்துக்கறேங்க” என்றேன். “பொம்பளையாலே ஆவுமா?” என்றார். “ஆவாட்டி அப்ப கேளுங்க” என்றேன். பன்னிரண்டு வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மழை நின்றது. முதல் வருஷம் சாமை கதிர் விடாமல் கருகியது. இரண்டாம் வருஷம் கொள்ளு விதைத்தேன். இரண்டு இலை விட்டது, அதோடு சரி. மூன்றாம் வருஷம், எண்பத்திரண்டில், விதைத்து வீணாக்க ஊரில் யாரிடமும் விதை இல்லை. கோபால்சாமியே சொன்னார், “இந்த வருசம் காட்டுக்கு ஒன்னும் வாணாம் பாஞ்சால. காடு கோச்சுக்காது” என்று.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினேன். முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, அதில் புளியஞ்சருகைப் போட்டு மிதித்து, மேலே மண் தள்ளினேன். சருகு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். குழிக்கு அரைக் கொட்டாங்குச்சி தண்ணீர். அந்தத் தண்ணீரையும் மலைக்கு அந்தப் பக்கம் பாறைக் குழியிலிருந்துதான் தலையில் கொண்டுவந்தேன். ஊர்ச் சுனையில் ஒரு சொட்டு எடுக்கவில்லை. அதை உன் அம்மாவே ஒத்துக்கொள்வாள்.

விதைக்குப் படவேட்டுக்கு இறங்கினேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அங்கே சாந்தம்மாள் வீட்டில் வேலைக்கு இருந்தேன். கரும்பு, நெல், மேட்டில் சோளம். பெரிய பண்ணை. சாந்தம்மாள் வயதாகிப் படுத்திருந்தாள். “சோளம் எடுத்துட்டுப் போ. வானம் பாக்காட்டியும் நிக்கும்” என்றாள். ஒரு சிறு மூட்டை கொடுத்தாள்.

நம் ஊரில் அதற்கு முன் யாரும் சோளம் போட்டதில்லை. நின்றது. மார்பு உயரம் வந்து கதிரும் விட்டது. ஊர் முழுக்கப் பழுப்பாகக் கிடந்தபோது அந்தத் துண்டு மட்டும் பச்சையாக இருந்தது. பொழுது சாயும்போது மான்கள் வரும். பதினொன்று. அதில் இரண்டு குட்டி. இருபது அடியில் நான் உட்கார்ந்திருப்பேன். தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். தைக்குள் கதிர், தோகை எல்லாம் தின்று தீர்த்தன. அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது.

அந்த மாசிக்குத்தான் நீ பிள்ளைப்பேற்றுக்கு உன் அம்மா வீட்டுக்கு வந்தாய். ஆண் குழந்தை. பெற்ற பத்தாம் நாள் உனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றியது. செவலை ஒன்றுதான் அப்போது ஊரில் கறந்துகொண்டிருந்த மாடு. உன் அம்மா ஜெயம்மாள் அதன் பாலில் துணித் திரியை நனைத்து நனைத்து அந்தக் குழந்தையைப் பிழைக்கவைத்தாள். செவலைக்குத் தீனி இல்லை. கூரையில் கிடந்த பழைய சாமைத் தாளைக்கூட உருவிப் போட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதென்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீடுதானே.

சித்திரைக் கடைசியில் ஒரே ஒரு மழை பெய்தது. ஒரு நாழிகை. சாமை விதைக்க அது பற்றாது. ஆனால் காட்டுக் கொல்லையில் சோளக்கட்டை துளிர்த்துவிட்டது. எட்டு நாளில் முழங்கால் உயரம். அப்புறம் மறுபடி வெய்யில். பகலில் தோகை சுருண்டு வாடும், காலையில் விரியும். ஆனாலும் பச்சை. ஊரில் வேறெங்கும் பச்சை இல்லை.

அந்தப் பச்சை கண்ணில் பட்டதும் உன் அப்பன் வந்தான். முதலில் சொன்ன சண்டை அதுதான்.

மறுநாள் சுனையில் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். ஏழு பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள்.

“அக்கா, பச்சப் புள்ளக்கா.”

“தெரியும் ஜெயம்மா.”

“தெரிஞ்சிருந்தா கொல்லைப் படலத் தொறந்திருப்ப. எங்க தெரியும் ஒனக்கு? ஒரு புள்ளயப் பெத்திருந்தா தெரியும். மானுக்குப் பேரு வெச்சிக்கினு குந்திகினு கீற.”

யாரோ சிரித்தார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக எனக்குக் கோபம் வந்ததென்று நீ நினைக்கலாம். வரவில்லை. மானுக்கு நான் பேர் வைக்கவும் இல்லை. அந்தப் பேச்சில் தப்பு அது ஒன்றுதான்.

சாந்தம்மாள் வீட்டில் இருந்தபோது ஒரு வெய்யில் காலத்தில் அவள் மாட்டுக்காரனைப் பார்த்துக் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. “வாடுன சோளத்துல மாட்ட வுடுவியா? கட்டைத் துளிருல வுடுவியா? அறுத்துப் போட்டு நாலு நாளு காய வுட்டு அப்பால போடுறா. அறிவுகெட்டவனே, அரை நாழில எல்லாம் காலப் பரப்பிடும்.” கீழ்நாட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீயும் அதைத்தான் பார்த்திருப்பாய். எவனாவது வாடின சோளத்திலிருந்து மாட்டை அடித்து விரட்டியிருப்பான். ஏன் என்று நீ கேட்டிருப்பாய்.

எனக்குத் தெரியுமா என்றால், பாதி தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி இன்னொருத்தனிடம் ஒரு தடவை கத்தியது. ஒரு தடவை கேட்டதெல்லாம் வேளைக்கு நினைவுக்கு வரவேண்டும் என்று சட்டம் இல்லை. மலைச் சோளத்துக்கும் கீழ்நாட்டுச் சோளத்துக்கும் ஒரே குணம் என்று எனக்கு யார் சொன்னது? மழை வேறு பெய்து கழுவியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. துளிர் வந்த பிறகு மான்கள் கொல்லைப் பக்கம் வரவில்லை. மிருகத்துக்கு அந்த அறிவு இருக்கிறது. எது ஆகும், எது ஆகாது என்று அதற்கே தெரியும். மாடும் மிருகம்தானே, ஆகாதென்றால் அதுவும் வாய் வைக்காது என்று நினைத்தேன். அதாவது, முடிவை நான் எடுக்கவில்லை. காட்டிடம் விட்டுவிட்டேன்.

ஆறு நாள் கழித்து உன் அப்பன் வந்தான். அன்றைக்குச் சண்டை போடவில்லை. படலுக்கு வெளியே குந்தினான்.

“அண்ணி, காத்தால செவலை எழுந்துக்கல. வாலப் பிடிச்சித் தூக்கி நிறுத்தினோம்.”

“ம்.”

“ஒரு கட்டு குடு. போதும். நானே அறுத்துக்கினு போய்ட்டு வூட்டுல வெச்சிப் போடறேன். ஊரு கண்ணுல படாது.”

“அரிவாளா? காட்டுக் கொல்லையிலயா?”

“சொல்லு, வேற இன்னா பண்றது?”

“இரும்பு பட்டா ஆவாதுன்னு உனக்குத் தெரியாது? வாயால மேயட்டும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் சொன்னது அவனுக்கு உடனே பிடிபடவில்லை.

“உள்ள வுடச் சொல்றியா அண்ணி?”

“நாளைக்கு வெய்யில் ஏறனப்பறம் ஓட்டிட்டு வா. ஊரு அப்பத்தான் புளி அடிக்கப் போயிருக்கும். செவலைய மட்டும் இன்னாத்துக்கு, எல்லாத்தையும் ஓட்டிட்டு வா. பசியில ஒன்னு இன்னா, ஏழு இன்னா.”

அவன் அழுதான். குனிந்து என் காலைத் தொட்டான். “நான் பேசனதெல்லாம் மனசுல வெச்சிக்காத அண்ணி” என்றான். “எதுவும் வெச்சிக்கல, போ” என்றேன். நிஜமாகவே வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் படலை நானே தூக்கி ஒதுக்கினேன். செவலை, அதன் கன்று, கருப்பன், மயிலை, இரண்டு வறட்டு மாடு, ஒரு கிடேரி. அவை மேய்ந்த மாதிரி எந்த மாடும் மேய்ந்து நான் பார்த்ததில்லை. தலையே தூக்கவில்லை. உன் அப்பன் சிரித்துக்கொண்டே நின்றான். “பாரு அண்ணி, கன்னுக்குட்டிகூட” என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசி நல்ல பேச்சு.

கிடேரிதான் முதலில். முன்னங்கால் பின்னியது, நின்று மூச்சு வாங்கியது, விழுந்தது. அப்புறம் மயிலை. வாயில் நுரை. செவலை கொல்லையை விட்டு வெளியே வந்து, உங்கள் வீட்டுப் பக்கமாகப் பத்தடி நடந்து, உட்கார்ந்துகொண்டது. “அண்ணி, இன்னா பண்றது, அண்ணி, இன்னா பண்றது” என்று அவன் ஒவ்வொன்றாக ஓடினான். சாந்தம்மாள் வீட்டில் ஒரு முறை வெல்லத்தைக் கரைத்து ஊற்றினார்கள், அதில் ஒன்று பிழைத்தது என்று ஞாபகம். என் வீட்டில் நாலு அச்சு வெல்லம் இருந்தது. ஆனால் அவன் என்னைக் கேட்ட வேகத்தில் எனக்கு அது தோன்றவில்லை. நிழல் ஒரு சாண் நகர்வதற்குள் ஏழும் முடிந்துபோயின.

சாயந்திரம் கோயில் முன்னால் ஊர் கூடியது. கோபால்சாமி உன் அப்பனைக் கேட்டார்.

“காட்டுக் கொல்லைல மாட்ட வுட்டியா?”

“வுட்டேங்க.”

“காடு அடிச்சிருக்குது, பாத்தியா?”

“அண்ணிதாங்க தொறந்து வுட்டாங்க. அவங்கதான் வரச் சொன்னாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, அம்சவல்லி. இதுதான் சொன்னேன்: “மூணு வருசமா கேக்கறான். மூணு வருசமா வாணாம்னு சொல்றேன். ஊரே கேட்டுக்கினுதான் இருந்தீங்க. சுனையில அன்னிக்கு ஜெயம்மா இன்னா சொன்னா, நான் இன்னா சொன்னேன், ஏழு பேரு நின்னாங்க, கேளுங்க.”

ஏழு பேரும் சொன்னார்கள். என் சண்டைக்கு ஊரில் சாட்சி இல்லாத வீடே கிடையாது.

“செத்த மாட்ட வெச்சிக்கினு அண்ணி மேல பழி போடறியே, ரங்கா” என்றார் கோபால்சாமி. நாற்பது நாள் தள்ளிவைத்தார்கள். நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, யாரும் எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. எல்லோரும் எடுத்து முடித்த பிறகு சுனையில் சேறு இருந்தால் அள்ளிக்கொள்ளலாம்.

இனி நீ என்னிடம் கேட்க வந்தது இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தள்ளிவைத்த பிறகு ஒன்பது நாளும் குழந்தையின் அழுகை எனக்குக் கேட்டது. நடுவில் ஒரே சுவர். கேழ்வரகுக் கஞ்சித் தெளிவை ஊற்றினீர்கள், அது இறங்கவில்லை. ஐந்தாம் நாள் உன் அம்மா என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, கட்டு தெரிந்தவள்.

“அக்கா, உன் ஆடு குட்டி போட்டிருக்குது.”

“ஆமா.”

“அரைச் சங்கு பாலு.”

“ஊரு கட்டு போட்டிருக்குது ஜெயம்மா. உனக்குக் குடுத்தா என்னையும் தள்ளி வெப்பாங்க. அப்பால காட்டுக் கொல்லைய யாரு பாக்கறது?”

போகத் திரும்பியவள் நின்றாள். “சுனையில நான் சொன்னதுக்குத்தான?” என்றாள்.

“நீ இன்னா சொன்ன? எனக்கு ஞாபகம் இல்ல” என்றேன்.

அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் சொன்ன பொய். அதையும் அவள் மனசு நோகக் கூடாதென்றுதான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அழுகை நின்றது. நான் அந்தக் குழந்தையைத் தொட்டதுகூட இல்லை. நான்தான் கொன்றேன் என்று ஊரில் ஒருவராவது சொல்ல முடியுமா? அதன் பிறகு உன் அப்பன் ஏர் கட்ட மாடில்லாமல், நிலத்தை விட்டுவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினான். அந்த ஆவணியில் மழை வந்தது. காட்டுக் கொல்லையில் நான் மறுபடி சாமை போட்டேன். சோளம் போடவில்லை. மான்கள் வந்தன. பதினொன்றும் வந்தன. இப்போது பதினாலு.

நீ அழவில்லை. நல்லது. நான் மறைக்காமல் சொன்னேன். வறட்சியில் எல்லோரும் எதையாவது காப்பாற்றப் பார்த்தோம். உன் அப்பன் மாட்டை, உன் அம்மா குழந்தையை, நான் காட்டுப் பங்கை. என் கையில் ஒப்படைத்ததை நான் காப்பாற்றினேன். கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்தேன். சோளத்தைப் பற்றிப் பாதிதான் தெரியும். தெரிந்த பாதிக்கும் தெரியாத பாதிக்கும் நடுவில் காடுதான் நின்று முடிவு சொன்னது. மான் தொடாததை மாடு தொட்டது. அதற்கு நான் என்ன செய்வேன்?

அம்சவல்லி எழுந்தாள். தண்ணீர்ச் செம்பைக் காலில் படாமல் ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தாள். வாசலைத் தாண்டியவள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“மழை பெஞ்சி துளிரு வந்தப்பறம், டெய்லி பொழுது சாயறப்ப காட்டுக் கொல்லைல தகரம் தட்டுற சத்தம் கேட்டுச்சு பெரிம்மா. கொழந்தைய மடியில போட்டுக்கினு நான் கேட்டுக்கினே இருப்பேன். எங்க அப்பா மாட்ட ஓட்டிக்கினு வந்த அன்னியோட அது நின்னு போச்சு. ஒரு நாளும் மான வெரட்டாதவ, அந்தக் கொஞ்ச நாளு மட்டும் இன்னாத்துக்கு வெரட்டுன?”